நாம் நடந்து வந்த பாதை

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார்" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது நான் வழக்கம்போல நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை. "நீங்க சரித்திர மாணவர்தானே? பழைய மெட்ராஸைப் பத்தி எழுதுங்க. நம்ம வயசுக்காரங்க படிச்சு சந்தோஷப்படணும், இப்போ படிக்கிற பிள்ளைங்களுக்கும் நாலு விஷயம் தெரியணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

விஷயம் அழைப்பிதழிலேயே இருந்தது. அதன் கடைசி வரி: 'கார் நிறுத்த வசதி உண்டு'. கூடவே வந்த பொதுக்குழு நிகழ்ச்சி நிரலில் நான்காவது தீர்மானம்: கைப்பந்து மைதானத்தின் ஓரத்தில், வேப்பமரங்கள் நிற்கும் இடத்தில், கார் நிறுத்தும் கொட்டகை கட்ட முன்னாள் மாணவர்களிடம் நிதி திரட்டுவது.

படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. 1977-இல் நான் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் கார் வைத்திருந்தவன் ஒருவனும் இல்லை. பேராசிரியர்களில் ஒருவரிடம் மட்டும் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. அது வந்த நாட்களைவிட நாங்கள் தள்ளிய நாட்கள் அதிகம். மற்ற எல்லோரும் பஸ், சைக்கிள், இல்லையென்றால் நடராஜா சர்வீஸ்!

அன்று மாலையே என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குப் போன் செய்தேன். உயரம் காரணமாக நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் 'நெட்டை'. கல்லூரியிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில்தான் இன்றும் வசிக்கிறான். போன வருஷம் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. "வர்றேதானே?" என்று கேட்டேன்.

"இல்லடா. நடந்து வர முடியாது. ஆட்டோவைக் கூப்பிட்டா, இவ்வளவு கிட்டக்க வர மாட்டேங்கறான்."

"அரை கிலோமீட்டர்டா!"

"உனக்குத் தெரியாது. பிளாட்பாரத்துல பைக் நிக்குது, டிரான்ஸ்ஃபார்மர் நிக்குது, கடைக்காரன் போர்டு நிக்குது. நான் எங்கடா நிக்கறது?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கல்லூரி நாட்களில் மூன்று வருஷமும் மயிலாப்பூர் முழுக்க என்னோடு நடந்தவன் அவன். அவனுக்கு அரை கிலோமீட்டர் இன்று கடக்க முடியாத கடலாகிவிட்டது. இந்த ஊர் எப்படி இப்படி ஆயிற்று? தானாக ஆயிற்றா, நாம் ஆக்கினோமா? இந்தக் கட்டுரை அந்த விசாரணைதான்.

டிராமும் தாது வருஷக் கால்வாயும்

என் அப்பா பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. காலையில் குளித்து, திருநீறு இட்டு, ஒரு டிபன் பாக்ஸுடன் கிளம்பி டிராமில் ஏறுவார். நான் பிறப்பதற்கு முன்பே டிராம் போய்விட்டது. ஆனால் அப்பாவின் பேச்சில் அது கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது.

இளைய மாணவர்களுக்குச் சொல்கிறேன்: இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது கல்கத்தாவிலும் அல்ல, பம்பாயிலும் அல்ல. 1895 மே மாதம் நம் சென்னையில்தான் ஓடியது. கல்கத்தாவில் 1902-இலும், பம்பாயில் 1907-இலும்தான் மின்சார டிராம் வந்தது. ஆரம்பத்தில் தண்டவாளத்துக்கு அடியில் பள்ளம் வெட்டி அதன் வழியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். நம் ஐப்பசி மழை அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். பாரிமுனை, மவுண்ட் ரோடு, ராயப்பேட்டை, மயிலாப்பூர் என்று ஊரின் முக்கியமான பேட்டைகளை அது இணைத்தது.

"டிராம் மெதுவாத்தான் போகும். ஆனா அது எங்க வரும்னு எல்லாருக்கும் தெரியும். தண்டவாளம் இருக்கிற தெருவுல வாழ்ந்தா, உன் வீட்டுக்கு வண்டி உண்டுன்னு அர்த்தம்" என்பார் அப்பா. இதை நான் வெகு காலம் ஒரு கிழவரின் ஏக்கம் என்றே நினைத்தேன். அதில் ஒரு பெரிய உண்மை இருப்பது பின்னால்தான் புரிந்தது. தண்டவாளம் என்பது தெருவில் ஊன்றிய ஒரு வாக்குறுதி. அதை நம்பித்தான் வீடு கட்டுவார்கள், கடை வைப்பார்கள்.

அந்த வாக்குறுதி 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு முடிந்தது. டிராமை நடத்தியது ஒரு தனியார் கம்பெனி. பஸ்களின் போட்டி ஒரு பக்கம், பழசாகிப்போன வண்டிகள் ஒரு பக்கம், நஷ்டம் ஏறிக்கொண்டே போயிற்று. ராஜாஜி முதலமைச்சராக இருந்த காலம் அது. அரசு அதை ஏற்று நடத்த முன்வரவில்லை. டிராம் நின்றது, தண்டவாளங்களும் காலப்போக்கில் மறைந்தன. கடைசி நாள் அப்பா சும்மாவே ஒருமுறை ஏறி இறங்கினாராம். டிக்கெட்டை வெகு நாள் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தார்.

டிராமுக்கும் முன்பே மயிலாப்பூருக்கு இன்னொரு பொதுவழி இருந்தது. அது தண்ணீர் வழி. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஒரு கால்வாய் வெட்டினார்கள். வடக்கிலும் தெற்கிலும் ஏற்கெனவே இருந்த கால்வாய்கள் அதனால் ஒன்றாயின. அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். விறகும் உப்பும் காய்கறியும் படகில் வந்து இறங்கின. தண்ணித்துறை மார்க்கெட் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் படகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். 1960-களின் நடுவில் அடித்த புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து தேய்ந்து அற்றுப்போயிற்று. கால்வாய் சாக்கடையாயிற்று. அதில் பிற்பாடு என்ன நட்டார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று பேட்டை, மூன்று பிறப்பு

தென் சென்னையின் மூன்று பேட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு. மூன்றும் ஒன்றுக்கொன்று அடுத்தடுத்த பகுதிகள். ஆனால் மூன்றும் மூன்று விதமான கால்களை நம்பிப் பிறந்தவை.

மயிலாப்பூர் மனிதக் காலை நம்பிப் பிறந்தது. நடுவில் கோயில், பக்கத்தில் குளம், சுற்றி நான்கு மாட வீதி. பூ வாங்க, காய் வாங்க, டாக்டரைப் பார்க்க, கச்சேரி கேட்க, எல்லாமே கூப்பிடு தூரம். தேர் திரும்புவதற்காகத்தான் அந்த வீதிகளுக்கு அத்தனை அகலம். கார் திரும்புவதற்காக அல்ல!

தி.நகர் ரயிலை ஒட்டி வளர்ந்தது. அங்கே முன்பு ஊர் இல்லை, ஒரு நீண்ட ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் பக்கம் தொடங்கி சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஒரு லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை, பெயர் மட்டும் சாட்சி. நீதிக்கட்சி ஆட்சியில், 1920-களில், அந்த ஏரியைத் தூர்த்து ஒரு புதிய நகரை வகுத்தார்கள். நடுவே பனகல் பார்க், அதிலிருந்து கிளை பிரியும் சாலைகள். கட்சியின் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரே ஊரின் பெயராயிற்று. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் அது நின்றது. ஆபீஸுக்குப் போகும் குமாஸ்தாவுக்கு வேறென்ன வேண்டும்? ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். நடக்கிறவன் வாங்குகிறான். அதனால் கடை வந்தது. இன்று ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்துக்கு ஆதிமூலம் அந்த ஸ்டேஷன்தான்.

அடையாறு வேறு கதை. ஆற்றுக்குத் தெற்கே தோப்பும் துரவுமாக இருந்த இடம். தியசாபிகல் சொசைட்டி 1882-இல் அங்கே வந்தது, ஐ.ஐ.டி. 1959-இல் வந்தது. குடியிருப்புகள் பெருகின. ஆனால் ரயில் வரவில்லை. 1973-இல் திறந்த திரு.வி.க. பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போக வேண்டும், அல்லது சொந்த வண்டியில் போக வேண்டும். 2004-இல்தான் அந்தப் பக்கம் முதல் ரயில் எட்டிப் பார்த்தது. அதற்குள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கார் வந்துவிட்டது. காலத்தில் வராத ரயிலுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள் அல்லவா?

சரித்திர மாணவனாக நான் கண்ட பாடம் இதுதான். ஒரு பேட்டையில் ஜனங்கள் நடப்பதும், ரயில் ஏறுவதும், கார் வாங்குவதும் அவரவர் சுபாவத்தால் மட்டும் அல்ல. ஐம்பது வருஷத்துக்கு முன்பு யாரோ ஒரு மேஜையில் போட்ட கையெழுத்தும் அதில் இருக்கிறது.

பல்லவன் காலம்

நம் காலத்துக்கு வருவோம். நாம் பல்லவன் காலத்துப் பிள்ளைகள். அரசு பஸ்கள் 1947-இலேயே ஓடத் தொடங்கினாலும், பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது 1972-இல். 12பி, 29சி என்ற எண்களைச் சொன்னால் இன்றும் நம்மில் பலருக்கு உடம்பு ஒரு பக்கம் சாயும். அத்தனை நாள் படிக்கட்டில் தொங்கியிருக்கிறோம்! அது வீரம் என்று நினைத்தோம், முட்டாள்தனம். இளைய மாணவர்கள் அதை மட்டும் எங்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம்.

29சி-யில் ஒரு கண்டக்டர் இருந்தார். லஸ் வந்ததும், "காலேஜ் எல்லாம் எறங்கு! படிக்கிறவன் முன்னாடி எறங்கு, படிக்காதவன் பின்னாடி எறங்கு" என்று கத்துவார். எல்லோரும் முன்பக்கமே முண்டுவோம். லஸ்ஸிலிருந்து கல்லூரிக்குப் பொடிநடை. அந்த நடையில்தான் நோட்ஸ் கைமாறும். அந்த நடையில்தான் இரண்டு கோஷ்டிகளும் சமாதானம் ஆகும். அடையாற்றிலிருந்து வந்த அதிகாரி மகனும், விசாலாட்சி தோட்டத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளி மகனும் ஒரே பிளாட்பாரத்தில் நடந்தார்கள். வகுப்பறை எங்களுக்குப் பட்டம் கொடுத்தது, உண்மைதான். சிநேகிதத்தைக் கொடுத்தது அந்தத் தெரு.

மாலையில் நானும் நெட்டையும் குளத்தைச் சுற்றி நடப்போம். பரீட்சை, வேலை, வீட்டுக் கஷ்டம், எல்லாம் நடந்துகொண்டே பேசி முடித்த விஷயங்கள். அவன் அப்பா இறந்த அன்று இரவு, பேசாமல் மெரினா வரை நடந்தோம். திரும்பியும் நடந்தே வந்தோம். எங்களைத் தடுத்தது எதுவும் இல்லை.

குற்றவாளிக் கூண்டில் நானும்

பிறகு என்ன ஆயிற்று? பழியை எல்லாம் அரசாங்கத்தின் தலையில் போட்டுவிட்டு நான் தப்ப விரும்பவில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991-க்குப் பிறகு பாங்குகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. 1998-இல் நம் ஊர்ப் பக்கத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில், சான்ட்ரோ கார் தயாராக ஆரம்பித்தது. அந்தத் தொழிற்சாலைகள் நம் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டன, அதை மறக்கக் கூடாது. நானும் 1994-இல் ஒரு மாருதி வாங்கினேன். மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பத்தோடு கபாலி கோயிலுக்குப் போனோம். வீட்டிலிருந்து கோயில் பதினைந்து நிமிட நடை. போக்குவரத்தில் இருபது நிமிடம் ஆயிற்று, வண்டி நிறுத்த இடம் தேடி இன்னொரு இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் எங்கே நிறுத்தினேன் தெரியுமா? பிளாட்பாரத்தில்!

அப்போது ஒரு பாட்டியம்மா என் காரைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கிப் போனார். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நெட்டை போனில் கேட்ட கேள்வியை அந்த அம்மாள் கண்ணாலேயே அன்றைக்கே கேட்டுவிட்டார். எனக்குத்தான் முப்பது வருஷம் கழித்துக் காதில் விழுந்தது.

ஊரும் என்னைப் போலத்தான் நடந்துகொண்டது. 1973-இல் ஜெமினி பக்கம் முதல் மேம்பாலம் வந்தபோது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. பின்னால் பாலங்கள் பெருகின. சாலை அகலமாகும்போதெல்லாம் பிளாட்பாரம் ஒரு முழம் சுருங்கியது. 2008-இல் சி.எம்.டி.ஏ. எடுத்த கணக்குப்படி, சென்னையில் நடக்கும் நூறு பயணங்களில் சுமார் 28 முழுக்க நடையாகவே நடந்தவை. பஸ்ஸில் சுமார் 26. காரில்? சுமார் 6. நடக்கிறவன் 28, காரில் போகிறவன் 6. ஆனால் தெரு யாருக்காக வெட்டப்பட்டது என்று வாசலில் நின்று பாருங்கள். கணக்கு தலைகீழாக இருக்கும்.

ஸ்டேஷன் வந்தது, வழி வரவில்லை

இப்போது கால்வாய்க்கு வருகிறேன். படகு போன அந்தப் பக்கிங்காம் கால்வாயில் ரயிலுக்குத் தூண்கள் நட்டார்கள். பறக்கும் ரயில்! 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது. 1997-இல் திருமயிலை வரை வந்தது. 2004-இல் திருவான்மியூர், 2007-இல் வேளச்சேரி. ஒரு பொதுவழியைக் கொன்று அதன் சமாதியில் இன்னொரு பொதுவழி எழுப்பினோம் என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1997-இல் திருமயிலை ஸ்டேஷனைப் பார்க்கப் போனேன். மண்டபம் மாதிரி பிரம்மாண்டம். உள்ளே ஆள் அரவம் இல்லை. ரயில் நன்றாகத்தான் ஓடியது. பிரச்சினை வெளியே. இறங்கி வந்தால் பஸ் நிறுத்தம் எங்கே, கோயிலுக்கு எப்படிப் போவது, இருட்டினால் பெண்கள் எந்த வழியாக நடப்பது, இதையெல்லாம் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ரயிலுக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்த ஊர், கடைசி ஐந்நூறு அடிக்கு ஒழுங்கான பிளாட்பாரம் போடவில்லை. ஆகவே பல வருஷங்கள் ஜனங்கள் வரவில்லை. 'சென்னைக்காரனுக்கு ரயில் பிடிக்காது' என்று சிலர் தீர்ப்பு எழுதினார்கள். மாம்பலத்தில் தினமும் நெரிசலில் ஏறுகிறவன் யாராம்?

ஒவ்வொரு பஸ் பயணமும் ரயில் பயணமும் காலில் தொடங்கிக் காலில்தான் முடிகிறது. நடைபாதை இல்லாத ஸ்டேஷன், படி இல்லாத மாடி.

பாண்டி பஜாரில் ஒரு மாலை

அவநம்பிக்கையோடு முடிக்க வேண்டாம். நான் கண்ணால் கண்ட ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும்.

2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முதலிடம் என்பது அதன் சாரம். இந்திய நகரங்களில் அப்படி ஒரு கொள்கையை முதலில் ஏற்றது நம் ஊர்தான், டிராம் மாதிரியே. கொள்கை காகிதத்தில் தூங்கிய நாட்களும் உண்டு. ஆனால் 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அது எழுந்து நின்றது. பனகல் பார்க்கிலிருந்து போகும் தியாகராய ரோட்டில் வண்டிப் பாதையைக் குறுக்கி, இருபுறமும் நடைபாதையை அகலமாக்கினார்கள். செலவு சுமார் 40 கோடி ரூபாய்.

அதற்கு முன் நடந்த வாக்குவாதங்கள் ஞாபகம் இருக்கிறதா? "காரை நிறுத்த இடம் இல்லேன்னா கஸ்டமர் எப்படி சார் வருவான்? கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்னிடமே புலம்பினார். நியாயமான பயம்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1962-இல் ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெருவில் கார்களை நிறுத்தியபோது அங்கேயும் கடைக்காரர்கள் இதையேதான் சொன்னார்கள். அந்தத் தெரு இன்றும் நடப்பவர்களால் நிரம்பி வழிகிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இலேயே நகரின் மையத்துக்குள் காலையில் நுழையும் காருக்குக் கட்டணம் விதித்தார்கள். கூடவே பஸ்ஸையும் ரயிலையும் பெருக்கினார்கள். காரை மட்டும் தடுத்துவிட்டு வேறு வழி காட்டாமல் இருந்திருந்தால் அது கொடுமை. அவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள்.

பாண்டி பஜாருக்கு ஒரு மாலை என் பேத்தியோடு போனேன். பெஞ்சில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் ஓடினார்கள். கையைப் பிடித்துக்கொள்ளாமல் ஒரு சென்னைத் தெருவில் என் பேத்தி எனக்கு முன்னால் ஓடியது அதுவே முதல் தடவை. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் மாருதி வாங்கிய சந்தோஷமெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது.

குறைகளும் உண்டு. நடைபாதையில் பைக் ஏறுகிறது. பக்கத்துத் தெருக்களில் கார்கள் போய் அடைத்துக்கொள்கின்றன. நடைபாதைக் கடைக்காரர்களை 2013-இலேயே ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் பிழைப்பையும் சேர்த்து யோசித்தால்தான் தெரு முழுமையாகும். 2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனுக்கும் தி.நகர் பஸ் நிலையத்துக்கும் இடையே 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் நடக்கிறவனை மாடிக்கு அனுப்பிவிட்டு, தெருவை வண்டிக்கு எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. மாடியும் வேண்டும், தெருவும் வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள், "மிச்சமாகிற காசு பையனோட ட்யூஷனுக்குப் போகுது சார்" என்றார். பஸ் என்பது ஏழைக்குப் போடும் பிச்சை அல்ல, ஊரை ஒன்றாகக் கட்டும் கயிறு என்று எனக்கு அன்று புரிந்தது.

தேர் வரும் நாள்

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காக மயிலாப்பூரைத் தோண்டியதை எல்லோரும் அறிவோம். மொத்தம் சுமார் 119 கிலோமீட்டர். அதில் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்கும்படி வகுத்திருக்கிறார்கள். டிராம் போய் எழுபது வருஷத்துக்குப் பிறகு தண்டவாளம் என்ற வாக்குறுதி நம் தெருவுக்கு அடியில் திரும்பி வருகிறது. எனக்கு ஒரே பயம்தான். 1997-இன் தவறை மறுபடியும் செய்துவிடக் கூடாது. பூமிக்கு அடியில் இருப்பதை எஞ்சினியர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேலே இருக்கும் ஐந்நூறு அடிக்கு நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடப்பவருக்கு ஒழுங்கான நடைபாதை கிடைப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். உடைந்த எலும்புகளை ஒட்டவைத்தே ஓய்ந்துபோகாமல், அவை ஏன் உடைகின்றன என்று கேட்டவர். நெட்டையின் கேள்விக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. தெருதான் இன்னும் பதில் சொல்லவில்லை.

'சென்னையில் இதெல்லாம் நடக்காது சார்' என்பவர்களை நான் பங்குனிப் பெருவிழாவுக்கு அழைக்கிறேன். ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். மாட வீதிகளில் ஒரு வண்டி கிடையாது. லட்சக்கணக்கில் ஜனம். தண்ணீர்ப் பந்தல், மோர், புளியோதரை. பாட்டி, பேரன், சக்கர நாற்காலியில் வருகிறவர், எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. அத்தனை பேரும் பஸ்ஸிலும் ரயிலிலும் நடையிலும்தான் வந்து சேருகிறார்கள். ஸ்வாமிக்காக வருஷத்தில் சில நாள் தெருவை மனிதர்களிடம் கொடுக்கத் தெரிந்த ஊர் இது. மனிதர்களுக்காகக் கொஞ்சம் கொடுக்கத் தெரியாதா?

நான்காவது தீர்மானம்

நண்பர்களே, கடைசியாக நம் வீட்டு விஷயம். இன்று பிற்பகல் பொதுக்குழுவில் நான்காவது தீர்மானம் வரும்போது நான் எழுந்து நிற்பேன். கொண்டுவந்தவர்கள் என் மரியாதைக்குரியவர்கள். வயதானவர்கள் வெயிலில் கஷ்டப்படக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் அவர்களுக்கு. நடக்கவே முடியாதவர்கள் வாசல் வரை காரில் வரட்டும். அதற்கு நாலு வண்டி நிற்க இடம் போதும். அதற்காக வேப்பமரத்தை வெட்ட வேண்டாம், மைதானத்தைக் குறைக்க வேண்டாம். கொட்டகை கட்டினால் இன்னும் கார் வரும். கார் வந்தால் இன்னொரு கொட்டகை கேட்கும். பாலங்கள் கட்டி நாம் கற்ற பாடம் அதுதானே?

என் திருத்தம் இது. அந்த நிதியில் ஒரு பங்கில் கல்லூரி கேட்டருகே நிழற்குடையும் பெஞ்சும் போடுவோம். கேட்டிலிருந்து ஸ்டேஷன் வரை உள்ள நடைபாதையை நம் மாணவர்களே அளந்து, எங்கே உடைசல், எங்கே இடைஞ்சல், எங்கே சாலையைக் கடக்கக் கோடு வேண்டும் என்று வரைபடம் தயாரிக்கட்டும். அதைச் சங்கத்தின் பெயரில் மாநகராட்சியிடம் கொடுப்போம். நம்மில் ஓய்வு பெற்ற எஞ்சினியர்கள் உண்டு, வக்கீல்கள் உண்டு, அதிகாரிகள் உண்டு. அரை கிலோமீட்டர் பிளாட்பாரத்தைச் சரிசெய்ய முடியவில்லை என்றால், வருஷா வருஷம் மலர் போட்டு என்ன பிரயோஜனம்?

காலையில் நெட்டை வீட்டுக்குப் போய் அவனைக் கைத்தாங்கலாக அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். காரில் அல்ல, நடந்துதான். டாக்டரும் நடக்கத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் இதைப் படிக்கும்போது அவன் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இருந்தால், நாங்கள் எத்தனை இடத்தில் ரோட்டில் இறங்க வேண்டியிருந்தது என்று அவனிடமே கேளுங்கள்.

விழா முடிந்ததும் நான் கேட்டருகே நிற்பேன். வர விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள். ஸ்டேஷன் வரை சேர்ந்து நடப்போம். இளைய மாணவர்களே, நீங்கள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். பழைய கதை பேசிக்கொண்டே போகலாம், புதிய கணக்கும் எழுதிக்கொண்டே போகலாம்.